கோணல் வெளியே நிற்கட்டும்

("மனைக்கேற்ற வீடா? மனிதருக்கேற்ற வீடா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் 'மனிதருக்கேற்ற வீடே' என்ற அணியில் வீட்டு வரைபட வரைவாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எதிரணி நண்பர் நன்றாகப் பேசினார். நியூயார்க்கில் 1902இல் கட்டி முடித்த ஃபிளாட்அயர்ன் கட்டடத்தைச் சொன்னார். முக்கோண மனை, அதற்கேற்ற முக்கோணக் கட்டடம், கூர்முனையில் அகலம் சுமார் இரண்டு மீட்டர்தான். வாஷிங்டனில் ஐ.எம். பெய் வடிவமைத்து 1978இல் திறக்கப்பட்ட தேசிய ஓவியக் கூடத்தின் கிழக்குக் கட்டடத்தையும் சொன்னார். கோணலான அந்த மனையின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இரண்டு முக்கோணமாகப் பிரித்து, பெய் சாதித்துக் காட்டினார் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலாவது அலுவலகத்துக்காகக் கட்டியது. இரண்டாவது ஓவியம் மாட்டுவதற்குக் கட்டியது. அம்மாவின் கட்டிலை எங்கே போடுவது, துணி அலமாரி எந்தச் சுவரில் சேரும் என்ற கவலை அவற்றை வரைந்தவர்களுக்கு வந்திருக்காது. எனக்கு அந்தக் கவலைதான் தினமும். இருபத்தைந்து ஆண்டுகளாக வீட்டு வரைபடம் வரைகிறேன். அதனால் மேதைகளின் கதையை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டு. சாலை முனையில் ஒரு மனை. வெட்டிய கேக் துண்டு மாதிரி ஒரு பக்கம் கூம்பிப் போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய நிலத்தை ஓர் அடிகூட வீணாக்கக் கூடாது என்று நினைத்து, வீட்டுச் சுவரையும் எல்லைக்கோட்டுக்கு இணையாகச் சாய்த்தே கொண்டு போனேன். ஒரு படுக்கையறை முக்கோணமாக வந்தது. பரப்பளவு 120 சதுர அடி. காகிதத்தில் பார்க்க அழகாகக்கூட இருந்தது. வீட்டுக்காரரும் மகிழ்ந்து போனார்.

குடி போன பிறகுதான் தெரிந்தது. கட்டிலை நேர்ச்சுவரில் போட்டால் கதவு இடித்தது. சாய்வுச் சுவரில் போட்டால் அலமாரிக்கு இடமில்லை. அலமாரியை மூலைக்குத் தள்ளினால் அதன் பின்னால் ஒரு ஆப்பு வடிவ இடைவெளி. விளக்குமாறு நுழையாது, எலி மட்டும் நுழையும். எஸ்.பி.எம். தேர்வு எழுத இருந்த மகளுக்காகக் கட்டிய அறை அது. அந்தப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் படித்தது. சில ஆண்டுகள் கழித்து ஒரு விசேஷத்துக்குப் போனேன். அந்த அறையில் பழைய நாளிதழ்களும், காற்றாடிப் பெட்டிகளும், உடைந்த சைக்கிளும் இருந்தன. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஸ்டோர் ரூம் ரொம்ப வசதியா இருக்குங்க" என்றார். அந்த ஸ்டோர் ரூமுக்கும் சேர்த்துத்தான் அவர் வங்கிக்கு மாதாமாதம் கட்டிக் கொண்டிருந்தார். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

சட்டம் அதைத் தடுத்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு அறைகளுக்கு அளவு சொல்லும் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. தொழிலில் நாங்கள் யூ.பி.பி.எல். என்போம். குடியிருக்கும் அறைகளில் முதலாவது 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், மற்றவை 6.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. அகலம் 2 மீட்டராவது இருக்க வேண்டும். சன்னல்கள் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு வேண்டும், அதில் பாதியளவாவது காற்று தடையின்றிப் புகும் திறப்பாக இருக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் அந்த மூலையில் அலமாரி சேருமா என்று எந்த விதியும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் வரைபவர். அன்று நான் கேட்கவில்லை.

கோணல் மனைகள் எப்படி வருகின்றன? தாமான் போடும்போது மேம்பாட்டாளர் முதலில் நேரான வரிசைகளை வெட்டிக் கொள்வார். ஆறு, கால்வாய், ரயில் தண்டவாளம், சாலை வளைவு என்று எதையாவது ஒட்டி மிஞ்சும் துண்டுகள் ஓரத்தில் நிற்கும். முட்டுச் சந்தின் கடைசியில் உள்ள மனைகள் விசிறி மாதிரி முன்னால் குறுகிப் பின்னால் விரியும். கூர்முனை என்றால் நம்மவர்கள் வாஸ்து பார்த்து ஒதுங்குவார்கள், சீன நண்பர்கள் ஃபெங் சுவே பார்த்து ஒதுங்குவார்கள். விலை படியாமல் கிடக்கும் இப்படிப்பட்ட மனைதான் சில நேரம் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிறது. ஆகவே கோணல் மனை வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அதில் எப்படிக் கட்டுவது என்பதுதான் பேச்சு.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்றவர். தம் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் மகனுடைய சம்பளக் கடனையும் சேர்த்து ஒரு மனை வாங்கினார். வீட்டில் அவருடைய தாயாரும் உண்டு. எண்பதை நெருங்கிய பாட்டி. இரண்டு முழங்காலும் தேய்ந்து போய், நடைச்சட்டத்தைப் பிடித்துக் கொண்டுதான் நடப்பார். இருந்த வாடகை வீட்டில் கழிவறை மாடியில். ஒவ்வொரு முறையும் பேரன் தூக்கிக் கொண்டு போக வேண்டும். பேரன் வேலைக்குப் போன நேரத்தில் பாட்டி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொண்டார். இதைச் சொல்லும்போது அந்த அப்பாவின் குரல் கம்மிப் போனது. இந்த வீட்டை எதற்காகக் கட்டுகிறார்கள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

மனையின் அளவைச் சொல்கிறேன், முடிந்தால் ஒரு தாளில் கிறுக்கிக் கொள்ளுங்கள். தெற்கே சாலை. சாலைப் பக்கம் அகலம் 30 அடி. பின்புறம், அதாவது வடக்கே, 62 அடி. ஆழம் 75 அடி. மேற்கு எல்லை நேர்க்கோடு. கிழக்கு எல்லை பெரிய கால்வாயை ஒட்டிச் சாய்ந்து விரிகிறது. மொத்தம் 3,450 சதுர அடி.

அந்த அப்பா வேலியிலிருந்து வேலி வரை நாடா பிடித்து அளந்து, ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் படமே போட்டு வைத்திருந்தார். நான் சொன்னேன்: "ஐயா, வேலி பேசாது, எல்லைக்கல்தான் பேசும்." உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து கல்லைத் தேடினார். ஒரு கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. பக்கத்து வேலி இரண்டடி உள்ளே வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், பேசித் தீர்த்துக் கொண்டார்கள். சதுர மனையில் இப்படித் தவறினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். சாய்வு எல்லையில் தெரியாது. இந்த மனையின் சாய்வுக் கோட்டின் நீளம் எண்பத்தொன்றரை அடி. தொடக்கத்தில் கோணம் ஒரே ஒரு பாகை தவறினால் மறுமுனையில் ஏறக்குறைய ஒன்றரை அடி தவறிவிடும். அளவையாளருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது, கட்டக் கூடாத இடம். இதை வரையாமல் அறைகளை வரைவதில் பயனில்லை. ஊராட்சி மன்றம் அந்த மனைக்கு முன்புறம் 20 அடியும் மற்ற மூன்று பக்கமும் பத்துப் பத்து அடியும் விடச் சொன்னது. இது ஊருக்கு ஊர் மாறும், உங்கள் மன்றத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். சாய்வுப் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. பத்தடி என்றால் எல்லைக்கோட்டுக்குச் செங்குத்தாகப் பத்தடி. சாலைக்கு இணையாக நாடா பிடித்தால் அது 11 அடிக்குச் சற்றே குறைவாக வரும். பத்தடியோடு நிறுத்திவிட்டு அத்திவாரம் தோண்டிய குத்தகையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு சுவரை இடிப்பதா, மன்றத்தில் கெஞ்சுவதா என்று வீட்டுக்காரர் அலைவார்.

இதையெல்லாம் விட்டபின் மிஞ்சியது என்ன? முன்பக்கம் பதினேழரை அடிக்குச் சற்றே கூடுதலான அகலம். பின்பக்கம் ஏறக்குறைய 37 அடி. ஆழம் 45 அடி. கூட்டிப் பார்த்தால் சுமார் 1,227 சதுர அடி. வாங்கியது 3,450, தரையில் கட்ட முடிந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்ணை எழுதிக் காட்டியபோது அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். வாங்கும் முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இனி இந்த 1,227 சதுர அடியில் என்ன செய்வது? எதிரணி நண்பர் சொல்வது போல மனைக்கேற்றபடி கட்டினால், கிழக்குச் சுவர் முழுவதும் சாய்ந்து போகும். அந்தச் சுவரைத் தொடும் ஒவ்வோர் அறையும் என்னுடைய பழைய ஸ்டோர் ரூமின் தங்கை ஆகிவிடும். எல்லாவற்றையும் நேராக்குகிறேன் என்று பதினேழரை அடி அகலத்தில் ஒரே நீளப் பெட்டியாகக் கட்டினால் 787 சதுர அடிதான் கிடைக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு அந்த வடிவம் நன்றாகவே தெரியும். பாட்டியின் அறைக்கு அதில் இடம் கிடையாது.

நான் 45 அடி ஆழத்தை மூன்றாக வெட்டினேன். பதினைந்து பதினைந்து அடி. முதல் கட்டு பதினேழரை அடி அகலம். இரண்டாம் கட்டு 24 அடி. மூன்றாம் கட்டு 30 அடி. மூன்றும் நேரான செவ்வகங்கள். மேற்குச் சுவர் மூன்றுக்கும் ஒன்றே. கிழக்கே மட்டும் வீடு படி இறங்குவது போல விலகி விலகிப் போகும். மொத்தம் 1,072 சதுர அடி. இழந்தது சுமார் 155 சதுர அடி. வீட்டுக்குள் ஒரு கோணல் மூலைகூட இல்லை. இருந்த கோணலெல்லாம் வீட்டுக்கு வெளியே மூன்று சின்ன முக்கோணங்களாக நின்றது, ஒவ்வொன்றும் சுமார் ஐம்பது சதுர அடி.

அந்த முக்கோணங்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். முதலாவதில் மல்லிகையும் துளசியும். இரண்டாவதில் எரிவாயுத் தோம்பும், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியும், குப்பைத் தொட்டியும். மூன்றாவதில் கறிவேப்பிலையும், துணி காயப்போடும் கம்பியும். முருங்கை வேண்டும் என்றார் அம்மா. அத்திவாரத்துக்குப் பக்கத்தில் மரம் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், அதற்காக இன்றும் என்னைத் திட்டுவார். துணிக்கும் செடிக்கும் கோணல் ஒரு பொருட்டே இல்லை.

படிபோல விலகியதில் இன்னொரு லாபம். ஒவ்வொரு கட்டும் முன்கட்டைத் தாண்டி ஆறு ஆறரை அடி கிழக்கே நீட்டிக் கொண்டு நிற்கிறது அல்லவா? அந்தத் துண்டுச் சுவர் சாலையைப் பார்க்கிறது. அதில் ஒரு சன்னல். கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு பக்கமும் திறப்பு வந்ததும் அறைக்குள் காற்று ஓட ஆரம்பித்தது. தொடர் வீட்டின் நடு அறைகளில் பகலிலும் விளக்குப் போட்டு வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேற்கே பிற்பகல் வெயில் சுவரைச் சுட்டெடுக்கும். அங்கே மாடிப்படி, குளியலறை, சாமான் அலமாரி இவற்றை வரிசையாக வைத்தேன். வெயில் அவற்றோடு சண்டை போடட்டும்.

மாடி? கீழே படி படியாக இருந்தால் கூரை எப்படி என்று குத்தகையாளர் முகம் சுளித்தார். நியாயமான கேள்வி. கூரையில் இரண்டு சரிவு சந்திக்கும் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நம் ஊர் மழையில் முதலில் ஒழுகும். அதனால் மாடியைப் பதினேழரைக்கு 45 என்று நேர்ப்பெட்டியாகவே எழுப்பி, மேலே சாதாரண இருபக்கச் சரிவுக் கூரை போட்டோம். கிழக்கே நீட்டிய பகுதிகள் தரைத்தளம் மட்டும், அவற்றுக்குத் தனியே ஒரு சாய்ப்பு. பள்ளமே இல்லை. ஆனால் சாய்ப்பு மாடிச் சுவரைத் தொடும் இடத்தில் தகடு அடித்துச் சரியாக மூட வேண்டும், அதை நானே நின்று பார்த்தேன். இரண்டு தளமும் சேர்ந்து 1,860 சதுர அடி. மூலைகள் கூடியதால் தூண்களும் கூடின, செலவு கொஞ்சம் ஏறியது. இதை மறைக்க விரும்பவில்லை. நேர்ப்பெட்டி வீடுதான் எப்போதும் மலிவு.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்து விடாதீர்கள். அடுத்து வந்தது சாமி அறைப் பிரச்சினை. முதலில் வந்த வாஸ்து பெரியவர், முன்புறம் குறுகிப் பின்புறம் விரிந்தது கோமுக மனை, குடியிருக்க நல்லது என்றார். வீடே மகிழ்ந்தது. அடுத்து வந்தவர் வாசல் தெற்கே இருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்கினார். சமையலறை அக்கினி மூலையில் வர வேண்டும் என்றார். இந்த மனைக்கு அது வீட்டின் முகப்பு, வருகிறவர்களை அடுப்படி வழியாகத்தான் அழைத்து வர வேண்டும். வாயு மூலையிலும் வைக்கலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். அதனால் சமையலறை மூன்றாம் கட்டில் மேற்கே போயிற்று. நான் இந்தச் சாஸ்திரத்தைக் கேலி செய்கிறவன் அல்ல. வீட்டுக்காரர் மனதில் ஓர் உறுத்தல் இருந்தால், எவ்வளவு நல்ல வரைபடமும் அவருக்கு வீடாகாது.

சிக்கல் ஈசானிய மூலையில் வந்தது. சாமி அறை வடகிழக்கில்தான் வேண்டும் என்றார் அப்பா. வடகிழக்கு மூலை மூன்றாம் கட்டின் கிழக்குப் பாதி. பன்னிரண்டரைக்கு பதினைந்து அடி. காலை வெயில் விழும், பிற்பகலில் குளிர்ந்திருக்கும், சமையலறை பக்கத்திலேயே இருக்கும், கூப்பிட்டால் ஆள் வரும். பாட்டிக்காக நான் வரைந்து வைத்திருந்த இடமும் அதுதான். பாட்டியை முன்கட்டுக்கு மாற்றலாமே என்றார்கள். முன்கட்டில் அறை தடுத்தால் வரவேற்பறை இல்லாமல் போகும், சாலைச் சத்தம் வேறு. இரண்டு வாரம் பேச்சு ஓடியது. மகன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

கடைசியில் பாட்டியே முடித்து வைத்தார். அதுவரை அவரை யாரும் கேட்கவே இல்லை என்பதை நானும் அப்போதுதான் உணர்ந்தேன். நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வந்து நின்று, "ஏண்டா, சாமிக்கு என்ன முழங்கால் வலியா?" என்றார். அவ்வளவுதான். இரண்டாம் கட்டில் கிழக்கே நீட்டிக் கொண்டிருந்த ஆறரை அடியில், காலை வெளிச்சம் படும் இடத்தில் சாமி அறை அமைந்தது. பாட்டி தம் கட்டிலில் படுத்தபடியே விளக்கைப் பார்க்கும்படி கதவை நேருக்கு நேர் வைத்தோம். பாட்டியின் அறைக்கும் குளியலறைக்கும் மூன்றடிக் கதவுகள், நடைச்சட்டம் இடிக்காது. குளியலறை வாசலில் படிக்கட்டு இல்லை, தரை உள்ளே மெல்லச் சரிந்து தண்ணீரை மூலைக்குக் கொண்டு போகும். கட்டிலிலிருந்து அந்தக் கதவு வரை எட்டடி. இரவில் பிடித்துக் கொண்டு நடக்கச் சுவரில் ஒரு கம்பி.

அந்த எட்டடியை நாங்கள் எப்படி முடிவு செய்தோம் தெரியுமா? நானும் கணினியில்தான் வரைகிறேன், ஆனால் இதைத் திரையில் பார்த்து முடிவு செய்யவில்லை. பழைய தமிழ் நாளிதழ்களைக் கட்டில் அளவுக்கும் அலமாரி அளவுக்கும் வெட்டி, வாடகை வீட்டு வரவேற்பறையில் பரப்பி, பாட்டியை நடக்க வைத்துப் பார்த்தோம். முதலில் நான் வரைந்தது பன்னிரண்டடி. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். அன்றிரவே குளியலறையை இடம் மாற்றி வரைந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், ஒவ்வோர் அறையையும் தரையில் காகிதம் விரித்து நடந்து பாருங்கள். கதவு திறக்கும் வளைவையும் வெட்டி வையுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

இன்னொன்று. வரைபடம் அங்கீகாரம் ஆவதற்கு முன் ஓர் ஆணி அடிக்காதீர்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் கட்டுவது குற்றம். குடி போன பிறகு, "கால்வாய்ப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது, ஒரு கூரை போட்டுக் கொள்கிறேனே" என்று அந்த மகனும் என்னைக் கேட்டார். கால்வாயைத் தூர் வார இயந்திரம் வந்தால் முதலில் போவது அந்தக் கூரைதான் என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துக் கொள்கிறேன். எதிரணி நண்பர்கள் 155 சதுர அடியை வீணாக்கினாயே என்பார்கள். அந்த 155 சதுர அடியில் போன வாரம் பறித்த கறிவேப்பிலை ஒரு கட்டு என் வீட்டில் இருக்கிறது. பாட்டி கொடுத்தனுப்பியது. அவர்தான் இப்போது காலையில் சமையலறைக் கதவு வழியாக மெல்ல நடந்து போய், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். தண்ணீர் குடிக்கவும் பயப்படுவதில்லையாம்.